கயித்தைத் தூக்கிப் பிடிச்சவன்

நீங்கள் காலமை ஒபிசில கேட்டது என்ர காதில விழுந்தது தம்பி. மேசையில குனிஞ்சிருந்தா காது கேளாது எண்டு நினைச்சிட்டியள் போல. "எங்களுக்கு இந்த ஊர்க்காரர் ஆரையாவது வழிகாட்டியாத் தாங்கோ" எண்டு அந்த மனிசியிட்ட இங்கிலீசில கேட்டனீங்கள். என்னை ஒருக்காப் பாத்துப்போட்டுத்தான் கேட்டனீங்கள். இல்லை இல்லை, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நான் தமிழ் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் கோவிக்கேல்லை. நான் கோவிக்கிற ஆளும் இல்லை. அந்த மான்தோலில வடிவா இருங்கோ. காலை நீட்டுங்கோ. ஐசில போட்ட ஓட்டைக்குக் கிட்ட நீட்டாதேங்கோ, சப்பாத்து நனைஞ்சா பிறகு கால் விரலைத் தேடவேண்டி வரும்.

நீங்கள் கேட்ட ஊர்க்காரர் அந்தா நிக்கிறார். நெருப்பை ஊதிக்கொண்டு, மஞ்சள் தாடி, இடுப்பில கத்தி. உங்கட மனிசியும் அவரோட நிண்டு நாலு படம் எடுத்துப்போட்டா. நல்ல படமாத்தான் வந்திருக்கும். பேர் பெலிக்ஸ். ஊர் ஜேர்மனி. போன வருசம் தை மாசம் வந்தவன். பதினாலு மாசம். அந்தத் தாடியே இஞ்ச வந்துதான் வளர்த்தவன், வரேக்க முகம் மழுமழுவெண்டு இருந்தது. வந்தான் வரத்தான். நேற்று வந்து இண்டைக்கு ஊர் ஆளாகிற ஆக்களை எங்கட பக்கம் அப்பிடித்தான் சொல்லுவம். கெட்டவன் எண்டு நான் சொல்லேல்லை. கெட்டிக்காரன், கை உதவிக்கு நிப்பான். ஆனால் வந்தான் வரத்தான் வந்தான் வரத்தான்தானே.

நான் எப்ப வந்தனான் எண்டு கேளுங்கோ. கேக்கமாட்டியள், நானே சொல்லுறன். முப்பத்தாறு வருசம்.

தூண்டிலைச் சும்மா பிடிச்சிருக்காதேங்கோ. நூலை விடுங்கோ, விடுங்கோ, அடியில முட்டுதோ? முட்டினா ரெண்டு சாண் மேல தூக்குங்கோ. இப்ப மெல்லமா ஆட்டுங்கோ. குழந்தைக்கு ஏணை ஆட்டுற மாதிரி. அவ்வளவுதான். கீழ நிக்கிற மீனுக்கு ரோய் எண்டு பேர். வயிறு சிவப்பா இருக்கும். அவசரப்படுற ஆக்களுக்கு அது வராது.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில உரும்பிராய். வெங்காயமும் புகையிலையும். மீனுக்கும் எங்களுக்கும் உள்ள சொந்தம் சட்டியோட சரி. அப்பிடிப்பட்ட நான் இஞ்ச வந்து, நோர்வேயின்ர தலை உச்சியில, மீன் பக்டரியில இருபத்திநாலு வருசம் நிண்ட நிலையில மீன் வெட்டினனான். அப்ப எங்கட ஆக்கள் இந்த டவுனில நூறு பேருக்கு மேல. கோயில் வைக்கிற அளவுக்குச் சனம். ஊருக்கு எழுதேக்க நான் ஐஸ் கொம்பனியில வேலை எண்டு எழுதுவன். பொய்யில்லைத்தானே, ஐசும் இருந்தது. கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்தில மேய்க்கோணும் எண்டு சொல்லுற மனிசி என்ர அம்மா. மகன் மீன் வெட்டுறான் எண்டு அவா ஊரில எப்பிடிச் சொல்லுவா? அது வேற கதை.

பிறகு பக்டரியைப் பூட்டிப்போட்டாங்கள். எங்கட சனம் முழுக்க ஒஸ்லோவுக்கு மூட்டை கட்டினது. சறோவும் போவம் எண்டுதான் சொன்னவா. சறோ என்ர மனிசி. நான் மாட்டன் எண்டன். ஏன் போகோணும்? எனக்கு இந்த மலை தெரியும். இந்த ஏரி தெரியும். எந்த மாசம் எந்த இடத்தில ஐஸ் மெல்லிசு எண்டு தெரியும். அதுக்குப் பிறகுதான் இந்த டூர் கொம்பனியில சேர்ந்தனான். ஸ்கூட்டர் ஓட்டுறது, இஞ்ச இந்தப் பனி வண்டிக்கு ஸ்கூட்டர் எண்டுதான் பேர், ஐசில ஓட்டை போடுறது, உங்களை மாதிரி ஆக்களுக்கு மீன் பிடிக்கக் காட்டுறது. பத்து வருசமா முன் வண்டி என்ர வண்டி. நான் போற தடத்திலதான் மற்றவை வருவினம்.

இண்டைக்கு நான் எங்க வந்தனான் எண்டு கண்டியள்தானே? கடைசியில. உங்கட பையும் விறகும் ஏத்தின சறுக்கு வண்டிலை இழுத்துக்கொண்டு, நீங்கள் எல்லாரும் கிளப்பிவிட்ட பனியை விழுங்கிக்கொண்டு. அறுபத்திரண்டு வயசில.

ஏன் எண்டு சொல்லுறன். நீங்கள் தமிழ் ஆள் எண்டதுக்காகச் சொல்லேல்லை. ஆர் கேட்டாலும் சொல்லுவன். கேக்காட்டியும் சொல்லுவன் எண்டு சறோ சொல்லுவா.

போன வருசம், சித்திரை வருசப்பிறப்புக்கு ஒரு கிழமைக்கு முதல். லண்டனிலயிருந்து நாலு பேர் வந்தவை. அதில ஒருத்தன் நல்ல உயரம், குளிருக்குச் சிவந்த மூக்கு. தேத்தண்ணி குடிக்கேக்க என்னைக் கேட்டான், "நீ எந்த ஊர்?"

"இந்த ஊர்" எண்டன்.

"இல்லை, உண்மையா எந்த ஊர்?"

"உண்மையாவும் இந்த ஊர்தான்."

சிரிச்சான். சிரிச்சுப்போட்டு எழும்பிப் போய் தூரிலிட்ட ஏதோ குசுகுசுத்தான். தூரில்தான் எங்கட மனேஜர். காலமை நீங்கள் கதைச்சனீங்களே, அவாதான். நல்ல மனிசி. சறோவுக்கு ஒப்பரேசன் நடக்கேக்க மூண்டு நாள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவா. அவா என்னட்ட வந்து, "குணா, இண்டைக்கு மட்டும் பெலிக்ஸ் முன்னுக்குப் போகட்டும். அவையள் ஊர் ஆள் ஒருத்தர் வேணும் எண்டு கேக்கினம்" எண்டா. என்ர முழுப்பேர் குணபாலசிங்கம். இவையளுக்குக் குணாவுக்கு மேல வாய் போகாது.

யோசிச்சுப் பாருங்கோ. பெலிக்ஸ் வந்து அப்ப மூண்டு மாசம். மூண்டு மாசக்காரன் ஊர் ஆள், முப்பத்தைஞ்சு வருசக்காரன் விருந்தாளி. எத்தினை வருசம் இருந்தா ஒரு மனிசன் ஒரு ஊருக்குச் சொந்தம் தம்பி? எங்கட ஊரில ஒரு வாத்தியார் இருந்தவர். மட்டக்களப்பிலயிருந்து வந்து எங்கட ஊரிலயே கலியாணம் கட்டி, நாற்பது வருசம் எங்களுக்குக் கணக்குப் படிப்பிச்சவர். சாகும்வரைக்கும் அவருக்குப் பேர் மட்டக்களப்பார்தான். செத்தவீட்டு நோட்டீசிலயும் அப்பிடித்தான் அடிச்சது. ஆனா அது மரியாதையான பேர். அது வேற.

சரி எண்டு பின்னால போனன். நான் பிரச்சினை எடுக்கிற ஆள் இல்லை.

இந்த ஏரிக்கு வாற பாதையில தடி நட்டிருந்தது, கண்டனீங்கள்தானே. அந்தத் தடியை விட்டு வெளியில ஓடக்கூடாது, சட்டம். பாதி வழியில பாதை ஒரு மலையைச் சுத்திப் போகும். சுத்தாம நேர விட்டா ஒரு பள்ளத்தாக்கு, அரை மணித்தியாலம் மிச்சம். ஆனா பங்குனி கடைசியில அந்தப் பள்ளத்தாக்குக்குக் கயிறு கட்டிப்போடுவினம். குட்டி போடப்போற பனிமான் எல்லாம் அதுக்குள்ளதான் நிக்கும். மிக்கால் எண்டு ஒருத்தரின்ர மான். அவர் சாமி சனம். கோயில் சாமி இல்லை, இந்த மண்ணின்ர ஆதிக்குடிக்கு அதுதான் பேர். தலைமுறை தலைமுறையா மான் வளர்க்கிற சனம். அவையளுக்கு இந்த நோர்வேக்காரரே வந்தான் வரத்தான்தான்.

அண்டைக்குச் சரியான காத்து. தடியெல்லாம் பாதிக்கு மேல பனியில மூடிப்போச்சு. பாதை பிரியிற இடத்தில பெலிக்ஸ் வண்டியை நிப்பாட்டிப்போட்டு போனைத் தட்டுறான். போன் குளிரில செத்துப்போச்சு. அங்கால பாக்கிறான், இஞ்சால பாக்கிறான். பத்து நிமிசம். லண்டன் மனிசன் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பாக்கிறான்.

நான் பின்னாலயிருந்து முன்னுக்கு வந்தன். நேர கயித்தடிக்குப் போனன். கயித்தில பலகை தொங்குது. நோர்வே பாசை, சாமி பாசை, இங்கிலீசு, மூண்டிலயும் எழுதியிருக்கு, மான் குட்டி போடுற காலம், உள்ளுக்குப் போகக்கூடாது எண்டு. நான் வண்டியால இறங்கி அந்தக் கயித்தை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சன். "வாங்கோ" எண்டன். ஒவ்வொரு வண்டியாக் கீழால போச்சு. பெலிக்ஸ் மட்டும் நிண்டு, "குணா, இது பூட்டியிருக்கெல்லோ" எண்டான்.

"எனக்குப் படிப்பிக்க வாறியோ" எண்டன். அவனும் பின்னால வந்தான்.

உள்ளுக்குப் போனா முந்நூறு மான். எல்லாம் வயித்தோட. ஆறு எஞ்சின் சத்தம் கேட்டதும் ஒரேயடியா எழும்பிச்சுதுகள் தம்பி. பள்ளத்தாக்கே எழும்பி ஓடின மாதிரி. மலைப் பக்கம் கொஞ்சம், கல்லுப் பக்கம் கொஞ்சம், ஆத்தைக் கடந்து கொஞ்சம். லண்டன்காரர் கூவுகினம், கை தட்டுகினம், வீடியோ எடுக்கினம். ஏரியடிக்கு வந்து இறங்கினதும் அந்தச் சிவந்த மூக்கன் ஓடி வந்து என்ர முதுகில ஒரு தட்டுத் தட்டினான். "இவன்தானடா உண்மையான ஊர் ஆள்" எண்டு மற்றவைக்குச் சொன்னான்.

பொய் சொல்லமாட்டன். எனக்குச் சந்தோசம். கடும் சந்தோசம். அண்டைக்கு நான் பிடிச்ச ரெண்டு மீனையும் அவன் பிடிச்சது எண்டு சொல்லி அவன்ர கையில குடுத்தனான், படம் எடுக்கச் சொல்லி. மான் ஓடினா ஓடட்டும், மானுக்கு நாலு கால் எதுக்குக் கிடக்கு எண்டுதான் நினைச்சன். பெலிக்ஸ் மட்டும் சாப்பிடாம இருந்தான். பயந்தாங்கொள்ளி எண்டு மனசுக்குள்ள சொன்னன்.

பொறுங்கோ, ஓட்டை மூடுது. அந்த ஓட்டைக் கரண்டியை எடுங்கோ. மேல படருற ஐசை வழிச்சு எறியுங்கோ. ஓம், அப்பிடித்தான். குனிஞ்சு பாத்தா உள்ளுக்கு நீலமாத் தெரியும். தலையில ஜக்கெட்டை மூடிக்கொண்டு படுத்துப் பாத்தா அடியில கிடக்கிற கல்லும் தெரியும். பிறகு பாருங்கோ, இப்ப கதையைக் கேளுங்கோ.

சிவந்த மூக்கன் வீடியோவைப் போட்டிட்டான், உலகம் முழுக்கப் பாக்க. அடுத்த நாள் காலமை மிக்கால் ஒபிசுக்கு வந்திட்டார். அவர் வாறார் எண்டு தெரிஞ்சதும் தூரில் என்னைக் கூப்பிட்டு, "குணா, நீ வாயைத் திறக்காதே. நான் கதைக்கிறன். வாயைத் திறக்காட்டி உன்ர வேலைக்கு ஒண்டும் வராது" எண்டா. பெலிக்சும் ஒரு மூலையில நிண்டான்.

மிக்கால் சின்ன ஆள். என்ர வயசுதான் இருக்கும். கதிரை போட்டும் இருக்கேல்லை. போனை மேசையில வைச்சு வீடியோவை ஓடவிட்டு, "கயித்தைத் தூக்கிப் பிடிச்சிருக்கிறது ஆர்?" எண்டு கேட்டார். வீடியோவில ஹெல்மெட்தான் தெரியுது, முகம் தெரியேல்லை.

தூரில் எழும்பி வந்து என்ர தோளில கையை வைச்சா. "மிக்கால், இவனைக் கோவிக்காதே. இவன் இந்த ஊர் ஆள் இல்லை. இவன்ர நாட்டில பனியும் இல்லை, பனிமானும் இல்லை. பலகையில எழுதியிருந்தது இவனுக்கு விளங்கேல்லை" எண்டா.

அன்பாத்தான் சொன்னவா. அதுதான் எனக்குத் தாங்கேலாமப் போச்சு. லண்டன்காரன் சிரிச்சுக் கேட்டதை நான் தாங்குவன். தெரியாதவன் கேக்கிறான் எண்டு விட்டிடலாம். இவா என்ர வீட்டில சாப்பிட்ட மனிசி. என்ர மகளின்ர கலியாணத்துக்குச் சீலை உடுத்திக்கொண்டு வந்த மனிசி. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கலாம் எண்டு நினைச்சாவோ, இல்லை உண்மையாவே அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தாவோ, இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தாக் காணும். சறோ இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறா. ஒரேயொரு தலையாட்டு, முன் வண்டி உங்கட வண்டியாவே இருந்திருக்கும் எண்டு.

நான் அவான்ர கையைத் தோளிலயிருந்து எடுத்துவிட்டன். "எனக்கு விளங்கினது" எண்டன். "மூண்டு பாசையிலயும் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் கயித்தைத் தூக்கினனான்."

தூரிலின்ர முகம் வெள்ளைச் சீலையாப் போச்சு. மிக்கால் என்னையே பாக்கிறார். "எங்கட பாசையும் வாசிப்பியோ?"

"உங்கட அக்காதான், பேரித், சொல்லித் தந்தவா. பக்டரியில."

"பேரித்துக்குப் பக்கத்தில நிண்டவன் நீயோ?"

"ஒன்பது வருசம். அவாவுக்கு இடப்பக்கம்."

அந்த மனிசன் போனை மேசையிலயிருந்து எடுத்துப் பையில வைச்சார். பிறகு பெலிக்சைக் கையால காட்டினார். "உவன் செய்திருந்தா நான் இவ்வளவு தூரம் வந்து நிக்கமாட்டன். உவன் விருந்தாளி, உவனுக்குத் தெரியாது. நீ இஞ்சத்தை ஆள். உனக்கு வெக்கமில்லையோ?"

நீ இஞ்சத்தை ஆள். தம்பி, விளங்குதோ? பாஸ்போட் தந்தவங்கள், கையைக் குலுக்கினவங்கள், கொடி நாளுக்குக் கேக் தந்தவங்கள். ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை. முப்பத்தைஞ்சு வருசத்தில அந்தச் சொல் ஒருக்காத்தான் வந்தது. ஏச்சாத்தான் வந்தது. வந்ததுதானே.

தூரில் இன்சூரன்ஸ் எண்டு ஏதோ தொடங்கினா. மிக்கால் அவாவைப் பாக்கவும் இல்லை. "அது எனக்கு வேண்டாம். நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு இவன் வரட்டும். மான் எல்லாத்தையும் திரும்பச் சேர்க்கோணும். ஸ்கூட்டர் வேண்டாம், ஸ்கீ கொண்டு வா. சாப்பாட்டையும் கொண்டு வா" எண்டு போட்டுப் போயிட்டார். விருந்தாளியை ஆரும் வேலைக்குக் கூப்பிடுவினமோ?

போனன். ரெண்டு நாள். அந்த ஸ்கீக் கட்டையில நான் எத்தினை தரம் விழுந்தனான் எண்டு மிக்கால் எண்ணியிருப்பார், நான் எண்ணேல்லை. சறோ புட்டும் சம்பலும் கட்டித் தந்தவா. புட்டு உறைஞ்சு கல்லாப் போச்சு. மிக்கால் அதை நெருப்பில காட்டிக் காட்டித் திண்டார். உறைப்பில கண்ணால தண்ணி ஓடுது, ஆனா நிப்பாட்டேல்லை. கையைக் காட்டுவார், நான் அந்தப் பக்கம் போவன். மான் மெல்ல மெல்லச் சேர்ந்துது.

ரெண்டாம் நாள் பின்னேரம் கல்லுகளுக்கு நடுவில ஒண்டு கிடந்தது. முன்னங்கால் முறிஞ்சு. எழும்பப் பாக்குது, விழுகுது, திரும்ப எழும்பப் பாக்குது. மிக்கால் கத்தியை எடுத்தார். எடுத்துப்போட்டு என்னைப் பாத்து, "தலையைப் பிடி" எண்டார்.

பிடிச்சன். கயித்தைத் தூக்கிப் பிடிச்ச அதே ரெண்டு கையாலதான். அது என்ர கைக்குள்ள மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. வயித்துக்குள்ள குட்டி. அதுக்கு மேல அதைப் பற்றி நான் கதைக்க மாட்டன், சறோவுக்கும் சொன்னதில்லை. பிறகு மிக்கால் ஒரு தொடையை வெட்டித் துணியில சுத்தித் தந்தார். சேர்க்க வந்த ஆளுக்குப் பங்கு, அது அவையின்ர முறை. வாங்காம விடேலாது. கொண்டு வந்து வீட்டில வைச்சிட்டு நான் சாப்பிடாமப் படுத்திட்டன்.

எனக்கு வெக்கம் தம்பி. அண்டைக்கும் வெக்கம், இண்டைக்கும் வெக்கம். ஒரு பெருமைக்காக வயித்தோட நிண்ட சீவனைக் கலைச்சவன் நான். அதை நான் ஒருத்தருக்கும் மறைக்கேல்லை. ஆனா அந்த வெக்கம் என்ர. விளங்காமச் செய்தவனுக்கு ஏது வெக்கம்? அதையும் பறிச்சுப்போட்டு, பாவம், தெரியாத மனிசன் எண்டு முதுகைத் தடவினா, பிறகு எனக்கு இஞ்ச என்ன மிச்சம்?

அண்டையிலயிருந்து நான் கடைசி வண்டி. சரி, அது நியாயம். செய்ததுக்குத் தண்டனை, நான் வாய் திறக்கேல்லை. இப்ப வந்திருக்கிறதுதான் அநியாயம். கொம்பனிக்குப் பாதை அனுமதி புதுப்பிக்கோணுமாம். போன வருசத்து அலுவலுக்கு எழுத்தில விளக்கம் வேணுமாம். தூரில் அழகா அடிச்சு வைச்சிருக்கிறா. இந்தா, நெஞ்சுப் பையிலதான் கிடக்கு. "வழிகாட்டி வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர். உள்ளூர் அறிவித்தலைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை." கீழ ஒரு கோடு. கோட்டுக்கு மேல நான் கையெழுத்து வைக்கோணும். வைச்சா உயிர்த்த ஞாயிறிலயிருந்து முன் வண்டி திரும்ப என்ர. வைக்காட்டி, வாற திங்களிலயிருந்து ஸ்கூட்டர்த் திறப்பைக் குடுத்திட்டுக் குசினியில நிண்டு சூப் கிண்டோணும். இண்டைக்குப் பின்னேரம்தான் கடைசி.

உங்களுக்கு உண்மையைச் சொல்லுறன். காலமை கையெழுத்து வைக்கிற எண்ணத்திலதான் வீட்டால வெளிக்கிட்டனான். சறோ வாசல்வரைக்கும் வந்து சொன்னவா, "உங்கட பிடிவாதத்தை ஒருக்கா எனக்காக விடுங்கோ" எண்டு. எனக்கும் முதுகு ஏலாது. சூப் கிண்டுறது எனக்குப் பிடிக்காது. முன்னுக்குப் போகேக்க முகத்தில அடிக்கிற காத்து இருக்கே, ஒருத்தரும் போகாத பனியில முதல் தடம் வைக்கிறது, அது இல்லாட்டி எனக்கு இந்த ஊரே வேண்டாம். அப்பிடி ஆசை. ஒபிசுக்கு வந்து கடதாசியை மேசையில விரிச்சுப்போட்டன். பேனையையும் திறந்திட்டன்.

அப்பத்தான் கதவைத் திறந்துகொண்டு நீங்கள் வந்தனீங்கள். இந்த ஊர்க்காரர் ஆரையாவது தாங்கோ எண்டு கேட்டனீங்கள். தூரில் என்னைப் பாத்தா. பாத்துப்போட்டு, "பெலிக்ஸ், நீ போ" எண்டா.

நான் பேனையை மூடிப்போட்டன். கடதாசியை மடிச்சுப் பையில வைச்சிட்டன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து உங்கட சாமானை வண்டிலில கட்டினன். அதுதான் சொன்னனான், கோவம் இல்லை எண்டு. நீங்கள் கேட்டது நல்லதுக்குத்தான்.

ஆ, பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குத் தம்பி, இழுங்கோ. வெட்டி இழுக்காதேங்கோ. நூலை விட்டு, இழுத்து, விட்டு, இழுத்து. தலையை ஓட்டைக்கு நேர கொண்டு வாங்கோ. இப்ப ஒரே தூக்கு. இந்தா பாருங்கோ சிவப்பு வயிறு. ரெண்டு கிலோ வரும். நல்ல ரோய். கூப்பிடுங்கோ மனிசியை, படம் எடுக்கட்டும். பெலிக்ஸ், இஞ்ச வா, வந்து பார். அவன்ர சிரிப்பைப் பாருங்கோ, தான் பிடிச்ச மாதிரி. பதினாலு மாசத்தில இந்த அளவு அவன் பிடிக்கேல்லை. வந்தான் வரத்தான், பழகட்டும்.

தாங்கோ, நான் தட்டிச் சுத்தம் பண்ணித் தாறன். குடல் எடுக்க எனக்கு ஒரு நிமிசம். இருபத்திநாலு வருசக் கை. இந்தாங்கோ. பின்னேரம் ஒபிசுக்குப் போனதும் குசினியில குடுங்கோ, விருந்தாளியள் பிடிக்கிற மீனைத் தூரில்தான் தன்ர கையால பொரிச்சுத் தாறவா. பட்டர் போட்டு, நல்லாத்தான் பொரிப்பா.

வெறும் கையில கொண்டு போகேலாது, வழுக்கும். சுத்த ஒரு கடதாசி வேணும். பொறுங்கோ, நெஞ்சுப் பையில ஒண்டு கிடக்கு.

பிடியுங்கோ. எழுத்து உள்ளுக்கு இருக்கட்டும். அவாவே பிரிச்சுப் பாக்கட்டும். ஆர் சுத்தித் தந்தது எண்டு கேட்டா சொல்லுங்கோ, வாசிக்கத் தெரிஞ்ச ஆள்தான் எண்டு.